வெளியில் நின்று பார்த்த மைனா

நிரோஜா அந்த வீடியோவை அனுப்பாமல் விட்டிருந்தால், சுமித்திரா இன்றைக்கும் வயல்காரர் கனகலிங்கம் வீட்டு வாசல் கேற்றைக் கடக்கும்போது சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டுதான் போயிருப்பாள். சின்ன வயதிலிருந்து காலுக்குப் பழகிப்போன மரியாதை அது.

ஒரே ஊர்க்காரர்களான இரண்டு பேரும் கிளிநொச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் அடுத்தடுத்த மெஷினில் இருப்பவர்கள். சுமித்திரா கொலர் தைப்பாள், நிரோஜா கை பொருத்துவாள். ஒரு மத்தியானம் சோற்றுப் பார்சலை விரித்து வைத்துக்கொண்டு நிரோஜா போனை நீட்டினாள்.

“எடியே, உன்ரை மைனா திரும்ப வருதாம்.”

சுமித்திரா கையைக் கழுவாமலே போனை வாங்கினாள்.

‘மைனாவின் சுவர்’ சமாதான காலத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் போன சிறுவர் தொடர். கொழும்பில் ஓர் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் இருக்கும் மைனா என்ற பிள்ளைக்கு ஒரு பெட்டி நிறச் சோக்கட்டி கிடைக்கும். தண்ணீர்க் குழாயடிச் சண்டை, கணக்கு வாத்தியின் அடி, தாயின் தையல் மெஷின் சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவில் அவள் சுவரில் ஒரு கதவைக் கீறுவாள். தள்ளினால் கதவு திறக்கும். அந்தப் பக்கம் ஒரு கிழமை கடல் இருக்கும், ஒரு கிழமை காடு, ஒரு கிழமை குடை பிடித்த மனிதர்கள் நடக்கும் ஏதோ ஒரு நகரம். எங்கே போனாலும் மைனாவை யாரும் நீ எந்த இடம், ஆருடைய பிள்ளை என்று கேட்கமாட்டார்கள். சுமித்திராவுக்கு அப்போது பத்து வயது. கடலும் காடும் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. ஒருவரும் கேட்காததுதான் பிடித்தது.

இப்போது ஒரு தொலைக்காட்சி அந்தத் தொடரைப் புதிதாக எடுக்கப்போகிறதாம். அந்தக் காலத்தில் மைனாவைப் பார்த்து வளர்ந்தவர்கள் தங்கள் கதையை வீடியோவாக அனுப்பலாம் என்று அறிவித்திருந்தார்கள்.

நிரோஜா ஞாயிற்றுக்கிழமை வந்து சுமித்திராவின் அறையைப் படம் எடுத்தாள். யுத்தம் முடிந்து மீளக்குடியேறியபோது வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. வெளிச்சுவர் இன்னும் பூசாமல் கிடந்தது. உள்ளே அவளுடைய அறைக்கு மட்டும் அண்ணன் வீரபாகு சீமெந்து பூசிக் கொடுத்திருந்தான். அந்தச் சுவர்களில் தரையிலிருந்து கூரை வரைக்கும் கதவுகள். கோயில் திருவிழாவுக்கு நிறம் அடித்து மிஞ்சிய டப்பாக்களையும், சம்பளத்தில் வாங்கிய சின்னச் சின்ன டப்பாக்களையும் கொண்டு வருடக்கணக்காகக் கீறியவை. எல்லாம் பாதி திறந்த கதவுகள். ஒன்றுக்குப் பின்னால் கொக்கிளாய்க் களப்பு, அவள் ஒரே ஒரு தடவை பஸ்ஸில் போய்ப் பார்த்தது. மற்றவை அவள் பார்க்காத ஊர்கள்.

“உனக்கு விசர்,” என்றாள் நிரோஜா, போனைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டே. “ஆனா நல்ல விசர்.”

அடுத்த கிழமையே தொலைக்காட்சியிலிருந்து விஜிதரன் என்பவர் பேசினார். நிகழ்ச்சித் தயாரிப்பாளர். கமராக்காரனோடு வான் வண்டியில் வந்து இறங்கினார். அறைக்குள் நுழைந்தவர் சுவர் சுவராகச் சுற்றி நடந்தார். ஒரு கதவின் கைபிடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்த ஒரு நிமிடத்துக்காகச் சுமித்திரா அவரைப் பின்னால் எவ்வளவோ மன்னிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அவளைக் கதவுகளுக்கு முன்னால் கதிரையில் இருத்திவிட்டுக் கேட்கத் தொடங்கினார்.

“யுத்த நேரம் பங்கருக்குள்ளை இருந்து கீறினனீங்களோ?”

“இல்லை. பங்கருக்குள்ளை இருட்டு. கீறேலாது.”

கமராக்காரன் சிரித்துவிட்டான். விஜிதரன் சிரிக்கவில்லை.

“ஷெல் விழேக்கை, மைனா மாதிரி ஒரு கதவைத் திறந்து தப்பிப் போகோணும் எண்டு நினைச்சிருப்பீங்கள் தானே?”

“ஷெல் விழேக்கை குப்புறப் படுக்கிறதைத் தவிர ஒண்டும் நினைக்கேலாது. நான் கதவு கீறத் தொடங்கினது அதுக்கு முதலே.”

“ஏன் தொடங்கினனீங்கள்?”

அவள் சொன்னாள். இதுவரைக்கும் யாருமே கேட்காத கேள்வி என்பதால் முழுவதையும் சொன்னாள்.

அந்த ஊரை ஒரு வாய்க்கால் பிரிக்கிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வயலுக்குப் போகிற வாய்க்கால். மேல்பக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்ற குடும்பங்கள். கீழ்ப்பக்கத்தில் எழுபத்தேழு கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அடிபட்டு ஓடிவந்து, மேல்பக்கத்து வயல்களில் கூலிக்கு நின்ற குடும்பங்கள். சுமித்திராவின் குடும்பம் கீழ்ப்பக்கம். மேல்பக்கத்தில் கனகலிங்கம் வீட்டில் மட்டும்தான் ஜெனரேற்றரும் தொலைக்காட்சியும் இருந்தன. ஞாயிறு பின்னேரம் மேல்பக்கத்துப் பிள்ளைகள் வீட்டுக்குள்ளே முன் ஹோலில் பாய் விரித்து இருப்பார்கள். கீழ்ப்பக்கத்துப் பிள்ளைகள் வெளியில், யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அப்படி நிற்கவேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. உள்ளே வா என்றும் சொன்னதில்லை.

ஒரு ஞாயிறு மழை. சுமித்திராவுக்குக் காய்ச்சல், ஆனாலும் மைனாவை விடமாட்டேன் என்று வந்திருந்தாள். நனைந்து நடுங்கியவளை வீரபாகு தூக்கி வீட்டு முன் விறாந்தையில் ஏற்றிவிட்டான். அவனுக்குப் பதினாலு வயது. கனகலிங்கம் எழுந்து வந்தார். வேலியில் ஒரு பூவரசந் தடியை முறித்து வீரபாகுவின் முதுகில் அடித்தார். அடித்த கையோடு யன்னலை உள்ளே இழுத்துச் சாத்தினார்.

“தோட்டக்காட்டுக் கால் இண்டைக்கு விறாந்தையிலை ஏறும். நாளைக்கு அடுப்படிக்கு வரும்.”

மிச்சத் தொடரை அவர்கள் சாத்திய யன்னலுக்கு வெளியே நின்று காதால் கேட்டார்கள். மைனா எந்த ஊருக்குப் போனாள் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்த சுமித்திரா அடுப்புக்கரியை எடுத்து மண்சுவரில் ஒரு கதவைக் கீறினாள். அதுதான் முதல் கதவு.

“பிறகு யுத்தத்திலை எல்லாரும் ஒண்டாத்தான் ஓடினனாங்கள்,” என்றாள் சுமித்திரா. “முகாமிலை கனகலிங்கம் ஐயாவும் நாங்களும் பக்கத்துப் பக்கத்துக் கூடாரம். தண்ணிக்கு ஒரே வரிசை, சோத்துக்கு ஒரே கிடாரம். திரும்பி வந்த உடனை வாய்க்காலும் திரும்ப வந்திட்டுது.”

விஜிதரன் கையைக் காட்டி கமராவை நிறுத்தச் சொன்னார்.

“அக்கா, இது எல்லா ஊரிலையும் இருந்த விசயம்தானே. இதைப் போட்டா எங்கடை சனத்துக்குள்ளை நாங்களே பிரிவினையைக் கிளப்பினது மாதிரிப் போயிடும். வெளிநாட்டிலை இருந்து பாக்கிற ஆக்களுக்கும் மனம் நோகும்.”

“எனக்கு நொந்தது?”

“அது விளங்குது. ஆனா கொஞ்சம் நம்பிக்கை தாற மாதிரிச் சொல்லுவம். சரி, அந்த வீடு இப்பவும் இருக்கோ?”

வீடு இருந்தது. ஷெல் விழுந்த பாதியைத் திருப்பிக் கட்டி, கனடாவிலிருக்கும் மகனின் காசில் தரைக்கு ரைல்ஸ் போட்டிருந்தார்கள். கனகலிங்கத்துக்கு எழுபது தாண்டிவிட்டது. கமராவைக் கண்டதும் உள்ளே போய் வேட்டி மாற்றிக்கொண்டு வந்தார்.

“உள்ளை வா பிள்ளை, ஏன் வாசல்லை நிக்கிறாய்?”

அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த ஹோலுக்குள் கால் வைத்தாள். கமரா அவள் காலைப் படம் பிடித்தது. கனகலிங்கத்தின் மனைவி இராசமலர் தேத்தண்ணீர் கொண்டுவந்தா. கனகலிங்கம் கதிரையில் சாய்ந்து, கேட்க முன்னமே சொல்லத் தொடங்கினார்.

“ஊர்ப் பிள்ளையள் எல்லாம் இந்த ஹோலிலைதான் இருந்து பாக்குங்கள். நான் ஒரு பேதமும் பாக்கிறேல்லை. பிள்ளையள் எண்டா எல்லாம் ஒண்டுதானே.”

சுமித்திரா அவருடைய முகத்தைப் பார்த்தாள். அவர் பொய் சொல்கிறவர் மாதிரி இருக்கவில்லை. நிம்மதியாக, நம்பித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தாள். விஜிதரன் அவளைப் பார்க்காமல் கமராவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்து வான் வெளிக்கிட்டது. சுமித்திராவும் செருப்பை மாட்டினாள்.

“சுமித்திரா,” என்று இராசமலர் கூப்பிட்டா. “பின்பக்கத்தாலை வந்து இந்தக் கோப்பையளை ஒருக்காக் கழுவிவிட்டுட்டுப் போ பிள்ளை. எனக்கு இடுப்பு ஏலாது.”

அவள் பின்பக்கத்தால் போய்க் கழுவினாள். தான் குடித்த கோப்பையையும் கழுவினாள். இராசமலர் அதில் எந்தக் கெட்ட எண்ணத்தோடும் சொல்லவில்லை, அதுதான் அவளை எரித்தது. கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் கோப்பையைப் போட்டு உடைத்துவிட்டு வந்திருப்பாள்.

நிகழ்ச்சி ஒளிபரப்பான இரவு வீரபாகுவும் அவளும் போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தார்கள். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். வீரபாகுவின் மனைவி குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். அவன் கனகலிங்கத்தின் உழவு இயந்திரம் ஓட்டுகிறான், வயலையும் பார்த்துக்கொள்கிறான்.

போனில் வயலின் வாத்திய இசை தொடங்கியது. ஓர் ஆணின் குரல், “போரில் எல்லாவற்றையும் இழந்த ஒரு பெண், பதுங்குகுழியின் இருளில் கண்ட கனவு” என்றது. பிறகு சுமித்திராவின் முகம். அவள் சொன்னதில் ஒரு துண்டு: “கனகலிங்கம் ஐயா வீட்டிலைதான் பாத்தனாங்கள்.” இன்னொரு துண்டு: “மழை எண்டாலும் போவம்.” அடுத்ததாகக் கனகலிங்கம், ஹோல், சிரிப்பு. கடைசியில் அவளுடைய கால் வாசற்படியைத் தாண்டி உள்ளே போகிற காட்சியை மெதுவாக ஓடவிட்டு, ‘எல்லோருக்கும் திறந்திருந்த கதவு’ என்று எழுத்துப் போட்டார்கள்.

வெளியில் வன்னித் தமிழ் பேசினாலும் வீட்டுக்குள் அவர்கள் இருவரும் அம்மாவின் தமிழில்தான் பேசுவார்கள்.

“பார்த்தியாண்ணே, என்ன பண்ணி வச்சிருக்கான்னு?”

“நல்லாத்தானே இருக்கு. ஒன்ன அழகாக் காட்டியிருக்காங்க.”

“நீ அடிவாங்குனத மறந்துட்டியா?”

“சின்ன வயசுல எல்லாருந்தான் அடிவாங்குனோம்.”

“அந்த ஆளுகிட்டயா? எனக்குக் காய்ச்சல்னு தூக்கி வச்சதுக்கா?”

வீரபாகு போனை அணைத்தான். “இங்க பாரு. காலபோக விதைப்பு வருது. நான் அவரு வயலத்தான் உழணும். ஒனக்கு என்ன, காமன்ட் பேக்டரியில போயித் தைப்ப. எனக்கு எங்க போறது? பழைய கதைய விடு.”

“பழைய கதையா? போன வாரம் கோப்ப கழுவிட்டு வந்தேண்ணே!”

அவன் எழுந்து வெளியே போய் நின்றான். சுமித்திரா சாப்பாட்டுத் தட்டைத் தன் அறைச் சுவரில் எறிந்தாள். அது கொக்கிளாய்க் கதவில் பட்டு விழுந்தது. பட்ட இடத்தில் நீலம் பெயர்ந்து சீமெந்து தெரிந்தது.

மறுநாள் வேலைக்குப் போகாமல் விஜிதரனுக்குப் போன் எடுத்தாள்.

“நான் சொன்னதை ஏன் வெட்டினனீங்கள்?”

“அக்கா, நிகழ்ச்சி நல்லாப் போயிருக்கு. ஆக்கள் அழுது அழுது எழுதீனம். அடுத்த மாதம் கிளிநொச்சியிலை மண்டபத்திலை பெரிய நிகழ்ச்சி, நேரடி ஒளிபரப்பு. நீங்கள் மேடையிலை ஒரு கதவு கீறுறீங்கள். கனகலிங்கம் ஐயா வந்து அதைத் திறந்து உங்களைக் கையைப் பிடிச்சு உள்ளை கூட்டிக்கொண்டு போறார். மைனா மாதிரி.”

அவள் நீலம் பெயர்ந்த இடத்தை விரலால் தடவினாள். மறுபக்கத்தில் “ஹலோ, ஹலோ” என்று கேட்டது.

“வாறன்,” என்றாள்.

மண்டபம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், அதற்குப் பின்னால் ஊர்ச்சனம். வீரபாகு கடைசி வரிசையில், கனகலிங்கத்தை ஏற்றிவந்த ஓட்டோவுக்குக் காவல் இருப்பவன் மாதிரிக் கதவோரம் இருந்தான். மேடையில் வெள்ளைப் பலகை ஒன்று நிறுத்தியிருந்தார்கள். நடுவில் கதவளவுக்கு வெட்டி, திறந்து மூடப் பிணைச்சல் போட்டு, தெரியாமல் வெள்ளை அடித்திருந்தது. அவள் வெட்டுக்கோட்டின் மேல் கீறினால் போதும்.

கீறினாள். நிறம் அவள் பேச்சைக் கேட்டது. பச்சைக் கதவு, பித்தளைக் கைபிடி, மரத்தின் ரேகை வரைக்கும் வந்தது. சனம் கைதட்டியது. ஒரு கணம் அவளுக்கே தள்ளினால் திறக்கும், அந்தப் பக்கம் போய்விடலாம், இந்த மண்டபமும் வாய்க்காலும் பின்னால் போய்விடும் என்று தோன்றியது. அப்போது பொன்னாடை போர்த்திய கனகலிங்கம் வந்து கைபிடி கீறிய இடத்தில் கையை வைத்தார். மற்றக் கையை அவளிடம் நீட்டினார்.

விஜிதரன் ஒலிவாங்கியை அவள் வாயருகே கொண்டுவந்தார். “இந்த நேரத்திலை ஐயாவுக்கு என்ன சொல்ல விரும்புறீங்கள்?”

அவள் வீட்டுத் தமிழில் பேசினாள். வெளியில் அப்படிப் பேசியதே இல்லை.

“இந்தக் கதவ நான் வரைஞ்சேன். இவரு தொறக்க வேணாம். இவரு வீட்டு ஹோலுக்குள்ள நாங்க யாரும் ஒக்காரல. யன்னலுக்கு வெளிய நின்னோம். எனக்குக் காய்ச்சல்னு எங்கண்ணன் விறாந்தையில தூக்கி வச்சதுக்கு, தோட்டக்காட்டுக் காலுன்னு சொல்லி அடிச்சாரு. யன்னலச் சாத்துனாரு. இத டீவிக்காரங்ககிட்டச் சொன்னேன், வெட்டிட்டாங்க.”

கனகலிங்கத்தின் கை கதவிலேயே இருந்தது.

“பொய்,” என்றார் அவர். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் ஒலிவாங்கி அதைப் பிடித்துவிட்டது. “சோறு போட்ட வீட்டை...”

“அண்ணே!” சுமித்திரா மண்டபத்தின் கடைசிக்குக் கத்தினாள். “நீ சொல்லுண்ணே! பொய்யா?”

எல்லாத் தலைகளும் திரும்பின. வீரபாகு எழுந்தான். அவளையும் கனகலிங்கத்தையும் பார்த்தான். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஒலிவாங்கி செத்தது. விளம்பரம் போட்டுவிட்டார்கள். விஜிதரன் அவள் தோளைப் பிடித்து மேடைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். “என்ன வேலை பாத்தனீங்கள்? எத்தினை பேற்றை உழைப்பு இது தெரியுமோ?” அவள் அவருடைய கையைத் தட்டிவிட்டு நிறம் காயாத விரல்களோடு பஸ்ஸுக்கு நடந்தாள்.

அந்தக் கிழமை முழுவதும் போனில் எழுதித் தள்ளினார்கள். நன்றி கெட்டவள் என்றார்கள். பிரிவினைவாதி என்றார்கள். அப்படி ஒன்றும் எங்கள் மண்ணில் இருக்கவில்லை என்று எழுதிய ஒருவர், அதற்குக் கீழேயே ‘தோட்டக்காட்டுப் புத்தி’ என்றும் எழுதியிருந்தார். சுமித்திரா அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். சிரிப்பு வரவில்லை.

தொழிற்சாலையில் நிரோஜா தள்ளி இருந்து சாப்பிட்டாள். பிறகு ஒரு நாள் தானாகவே வந்து பக்கத்தில் இருந்தாள்.

“எங்கடை மேல்பக்கத்திலை நீ சொன்னது பொய் எண்டுதான் கதைக்கினம்.”

“நீ என்ன சொன்னனி?”

“நான் ஒண்டும் சொல்லேல்லை.”

“நீ உள்ளை பாயிலை இருந்து பாத்தனிதானே? உன்ரை பின்தலையைத்தானே நான் ஒவ்வொரு ஞாயிறும் பாத்தனான்!”

நிரோஜா சோற்றைப் பிசைந்தபடி இருந்தாள். “ஓம்.”

“பிறகு?”

“நான் சொல்லி என்ன நடக்கப்போகுது சுமி?”

சுமித்திரா பார்சலைச் சுருட்டி எறிந்துவிட்டு மெஷினுக்குப் போனாள். பின்னேரம் வரைக்கும் கொலர் தைத்தாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. கோபத்தில் அவள் கை எப்போதும் நேராகத்தான் ஓடும்.

வீட்டில் வீரபாகுவோடு பேச்சு இல்லை. சோறு ஆக்கி மூடி வைப்பாள், அவன் போட்டுச் சாப்பிடுவான். ஒரு மாலை வந்து கதவு நிலையில் நின்றான்.

“ஐயா ரெண்டு பேரையும் வரச் சொல்றாரு.”

“மன்னிப்புக் கேக்கவா?”

“தெரியல. வா, போயிட்டு வந்துருவோம்.”

அவள் போனாள். அவன் என்ன செய்யப்போகிறான் என்று கண்ணால் பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு அவனை வெறுப்பது சுலபமாக இருக்கும் என்று நினைத்தாள்.

விறாந்தையில் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். “இருங்கோ,” என்றார் கனகலிங்கம். அந்த ‘இருங்கோ’ இரண்டு பேருக்கும் புதிது. வீரபாகு கதிரை நுனியில் இருந்தான். இராசமலர் கையில் வீடியோ எடுக்கிற ஒரு ராப்லெற்றோடு நின்றா.

“நடந்தது நடந்துபோச்சு,” என்றார் கனகலிங்கம். “என்ரை மோனை ரொறன்ரோவிலை ஆக்கள் கேள்வி கேக்கினமாம். தலைநிமிந்து திரியேலாமக் கிடக்காம். நாங்கள் ஒரு சின்ன வீடியோ எடுத்துப் போடுவம். விளங்காமல் கதைச்சுப்போட்டன் எண்டு நீ சொல்லு. பரவாயில்லைப் பிள்ளை எண்டு நான் சொல்லுறன்.”

“எனக்கு விளங்கித்தான் கதைச்சேன்,” என்றாள் சுமித்திரா. “நீங்கதான் சொல்லணும். அண்ணன்கிட்ட. அடிச்சது பிழைன்னு.”

வீரபாகு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கனகலிங்கம் தாடையைத் தடவினார். கனடா மகனின் முகம் அவருக்கு முன்னால் வந்து போயிருக்கவேண்டும்.

“சரி,” என்றார். “அதையும் சொல்லுறன். பெருந்தன்மையாத்தான் இருக்கும். இராசமலர், அதை ஓன் பண்ணு.”

“அத கீழ வைங்க அம்மா.” சுமித்திராவின் குரல் உயர்ந்தது. “கமரா இல்லாமச் சொல்லுங்க ஐயா. இப்ப. இங்க. எங்க ரெண்டு பேருக்கு மட்டும்.”

கனகலிங்கம் அவளைப் புரியாமல் பார்த்தார். உண்மையாகவே புரியவில்லை.

“ஒருத்தரும் பாக்காட்டில், அதைச் சொல்லி என்ன பிரயோசனம்?”

இராசமலர் ராப்லெற்றை நெஞ்சோடு கவிழ்த்துப் பிடித்தா. உள்ளே குளிர்சாதனப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. சுமித்திரா எழுந்தாள். வீரபாகுவும் எழுந்தான். அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை, படியில் கால் வைத்துவிட்டாள். அப்போது பின்னால் அவனுடைய குரல் கேட்டது. கனகலிங்கத்தோடு எப்போதும் பேசுகிற வன்னித் தமிழில்தான் பேசினான்.

“அண்டைக்கு மழை ஐயா. இவளுக்குக் காய்ச்சல். நான்தான் தூக்கி ஏத்தினனான், இந்தா, இந்த இடத்திலைதான். நீங்கள் வேலியிலை தடி முறிச்சு அடிச்சனீங்கள். இவள் ஒரு சொல்லும் பொய் சொல்லேல்லை.”

“வீரபாகு!”

“முகாமிலை நீங்கள் வயித்தாலை போய்க் கிடக்கேக்கை உங்களைத் தூக்கிக்கொண்டு போனதும் இதே கைதான். அப்ப தோட்டக்காடு உங்களுக்கு மணக்கேல்லை.”

கனகலிங்கத்தின் முகம் கறுத்தது. “அப்ப நீ இனி வேறை இடம் பார்.”

வீரபாகு இடுப்பு மடிப்பிலிருந்து உழவு இயந்திரத்தின் சாவியை எடுத்துக் கதிரையில் வைத்தான். சுமித்திரா அதைக் கண்டாள்.

வாய்க்கால் ரோட்டில் இரண்டு பேரும் நடந்தார்கள். கனகலிங்கத்தின் வயல் முதல் மழைக்கு நனைந்து கறுத்துக் கிடந்தது. அடுத்த கிழமை அதை வேறு யாரோ உழுவார்கள். வீரபாகு விசுவமடுப் பக்கம் ஒருவரிடம் வேலை கேட்டுப் பார்க்கலாம் என்று சொன்னான். சொல்லிவிட்டு அவளுடைய முகத்தைப் பார்த்தான், ஏதாவது நல்லதாகச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தவன் மாதிரி.

சுமித்திரா ரோட்டின் நடுவில் நின்றாள்.

“அத ஏண்ணே மண்டபத்துல சொல்லல?”

“சுமி...”

“ஒன்ன நான் கூப்பிட்டேன். அத்தன பேரு முன்னாடி கூப்பிட்டேன். நீ கதவத் தொறந்துக்கிட்டு வெளிய போன. நான் தனியா நின்னேன். இருவது வருசமா எங்க வச்சிருந்த இந்த வாய?”

“பயம் புள்ள,” என்றான் அவன். “இப்பவும் பயந்தான்.”

“எனக்குப் பயமில்லையா? நான் மட்டும் என்ன கல்லா?”

எதிரே சைக்கிளில் வந்த மேல்பக்கத்துப் பெண் ஒருத்தி வேகத்தைக் குறைத்து இவர்களைப் பார்த்தாள். கீழ்ப்பக்கத்தில் கிணற்றடியில் நின்றவர்களும் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். வீரபாகு “மெதுவா” என்று கையால் காட்டினான். சுமித்திரா குரலைக் குறைக்கவில்லை. அடித்தவரைப் பற்றியும் வீடியோவை வெட்டியவரைப் பற்றியும் பாயில் இருந்து பார்த்துவிட்டுச் சோறு பிசைகிறவளைப் பற்றியும் சொன்னாள். கோப்பைகளைப் பற்றிச் சொன்னாள். எல்லாவற்றையும் அண்ணனைப் பார்த்தே சொன்னாள். அவன் ரோட்டோரம் நின்று, ஒரு சொல்லுக்கும் மறுப்புச் சொல்லாமல், கேட்டுக்கொண்டு நின்றான்.